இருபது சுற்று

மே 6

பம்ப்காரருக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். அம்மாவின் கட்டிலை நேற்றுப் பிரித்து வெளியே போட்டோம். மூன்று வருடம் அவளைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் வெந்நீர் வைக்கிறேன். வைத்த பிறகு, யாருக்கு என்று நின்றுவிடுகிறேன்.

நீங்கள் மலைமேல் பம்ப் ஹவுஸ் வேலைக்குப் போனபோது, அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்றேன். இப்போது அந்தக் காரணம் இல்லை. இந்த வீட்டில் இனியும் தனியாக இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். மழை வந்து பாதை அடைபடுவதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "நீ மாப்ளகூடப் போயிட்டா கியர்பாக்ஸ் எல்லாம் யாரு பிரிக்கிறது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். மாதக் கடைசியில் சாவி தருவதாக வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று.

சிமெண்டு ரோடு முடிந்தால் அதற்கு மேலே உங்கள் ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. அது எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள்
மேஸ்திரி

மே 14

என் அன்பு மேஸ்திரிக்கு,

உன் கடிதத்தைப் பம்ப் ஹவுஸ் வாசலில் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தேன். வருகிறாய் என்றதும் கை கால் ஓடவில்லை. இங்கே பம்ப் சத்தத்தைத் தவிர என்னோடு பேச யாருமில்லை. சில சாயங்காலங்களில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கண்டுபிடித்துவிட்டாய். முன் ஆக்ஸில் உடைந்து இரண்டு மாதமாகிறது. கவலைப்படாதே. மூடிக்கிடக்கும் மரமில்லுக்குப் பின்னால் இதே வயதில் ஒரு ஜீப் புதரில் கிடக்கிறது. வாட்ச்மேனைக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்குங்க. ஆனா உள்ள குடியிருக்கிற பாம்புகிட்ட நீங்களே பேசிக்கணும்" என்றார். அதன் முன் ஆக்ஸில் அச்சு அசலாக நம்முடையது போலவே இருக்கிறது. மாட்டினால் பொருந்துமா, சொல்.

மாற்றலுக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை கிடைத்துவிடும்.

உன்
பம்ப்காரன்

மே 19

பம்ப்காரருக்கு,

பார்க்க ஒரே மாதிரி இருப்பது போதாது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறதே ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்னுக்கும் பின்னுக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அது இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் சுற்றும். ஆக்ஸிலுக்குள் இருக்கும் பற்கள் முன்னால் ஒரு கணக்கும் பின்னால் ஒரு கணக்குமாக இருந்தால், ஒரு சக்கரம் முந்தப் பார்க்கும், இன்னொன்று விடாது. சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். சிமெண்டு ரோட்டில் வழுக்க இடமில்லை, வண்டி முறுக்கிக்கொண்டு பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிடும். அந்த இறக்கத்தில் முன்சக்கரங்களையும் சேர்த்து ஓட்டும் முன் கியரைப் போடாமலும் இறங்க முடியாது.

ஆகவே எண்ணிப் பாருங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். நடுவே போகும் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சக்கரத்தை இருபது சுற்று சுற்றி, கோடு எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். உங்கள் பின் ஆக்ஸில் எனக்குத் தெரியும், நாற்பத்தொன்று. முன்னதும் அதே வர வேண்டும். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு "நாலும் கொஞ்சமும்" என்று எழுதாதீர்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கை தப்பினால் மாட்டாதீர்கள். நான் இங்கே வேறு தேடுகிறேன், ஒரு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும், அண்ணன் வீட்டில் இருந்துகொள்கிறேன்.

ஆக்ஸிலைப் பார்த்ததும் நம் இருவரைப் பற்றி ஏதாவது எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இது இரும்பு. எண்ணினால் தெரிந்துவிடும்.

மேஸ்திரி

மே 25

என் அன்பு மேஸ்திரிக்கு,

உத்தரவுப்படி செய்தாயிற்று. இருபது சுற்று, கையெல்லாம் கிரீஸ். முன்னாலும் நாற்பத்தொன்று, பின்னாலும் நாற்பத்தொன்று. மாட்டிவிட்டேன். நேற்று முன் கியர் போட்டு ஏரிக்கரைச் சேற்றில் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போகிறது.

முப்பதாம் தேதி மத்தியானத்துக்குள் உன் வாசலில் இருப்பேன். சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். சுவருக்கு வெள்ளையும் அடித்தேன், பாதி என் சட்டையில் இருக்கிறது. உனக்கென்று ஸ்டோர் ரூமில் ஒரு மேஜை காலி செய்திருக்கிறேன். உன் ஸ்பேனர் எல்லாவற்றையும் எடுத்து வா. நீ வந்துவிட்டால் இந்த இடத்தை எப்படியாவது தாங்கிவிடலாம்.

உன்
பம்ப்காரன்

ஜூன் 2

வணக்கம்.

முப்பதாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு வாசற்படியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். புதிதாகக் குடிவந்த பெண் இரண்டு தடவை காபி கொடுத்தாள். அப்புறம் அவளுக்கே சங்கடமாகி, கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்கள் எங்கேயோ உருண்டு கிடக்கிறீர்கள் என்று நினைத்தேன். இருட்டியதும் அண்ணன் வந்து கூட்டிப் போனான். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் வேனில் உங்களைத் தேடி ஏறினோம்.

சிமெண்டு ரோட்டு இறக்கத்துக்கு அடியில், வளைவில் ஜீப் நின்றது. நீங்கள் இல்லை. அடிபட்ட தடயமும் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. முன் கியர் லீவர் அசையவே இல்லை. முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினேன், டமார் என்ற சத்தத்தோடு முறுக்கு விட்டது. அப்புறம் கோடு போட்டு, இருபது சுற்று சுற்றினேன். அண்ணன் எண்ணினான். நாற்பத்துமூன்று. நம்பாமல் மறுபடியும் சுற்றினேன். நாற்பத்துமூன்றுதான்.

நீங்கள் எண்ணவே இல்லை. எண்ணாமலே நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்னைச் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் எழுதினீர்கள், அது எனக்குத் தெரியும். சீட்டில் எனக்குக் குலுங்காமல் இருக்க ஒரு தலையணையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். உங்கள் ஆசையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக நீங்கள் எதையும் சொல்வீர்கள் என்பதுதான் பயமாக இருக்கிறது. மாற்றலுக்கு எழுதிப் போட்டேன் என்று மூன்று வருடமாக எழுதுகிறீர்கள். முந்தாநாள்வரை அதையும் நம்பிக்கொண்டிருந்தேன்.

முன் ஷாஃப்டைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டிருக்கிறேன். பின்சக்கரங்களில் மட்டும் மெதுவாக ஓட்டலாம். மழை விழுந்துவிட்டால் ஏற முயலாதீர்கள்.

கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சொன்னான், "மாப்ள ஆள் கூட்டிட்டு வரத்தான் போயிருப்பாரு. இரு, ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாம்." சரி என்றுதான் தலையாட்டினேன். பெட்டியைக்கூட வேனிலிருந்து இறக்கச் சொன்னேன். அவன் ஒன்றை இறக்கியும் விட்டான்.

அப்போது மேல் வளைவில் உங்கள் குரல் கேட்டது. கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே இறங்கினீர்கள். "எல்லாம் எண்ணிப் பாத்துத்தாங்க மாட்டினேன். அவ சொன்ன கணக்குலதான் ஏதோ தப்பு இருக்கு."

பெட்டியை மறுபடியும் ஏற்றச் சொன்னேன். நீங்கள் வளைவு திரும்புவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன். வர வேண்டாம்.