உள்ளங்கையில் ஒரு துளிப் பாயசம்

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

ஆடி மாதம். கல்யாணம் இல்லை, அடுப்பு இல்லை, ஆஸ்பத்திரி மட்டும் உண்டு. என் மனைவி முத்துக்கனி என்னைக் கட்டி இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். சுகரின் மூன்று மாதச் சராசரி 10.4 என்று வந்திருக்கிறது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளிடம் பேசினார். சுகர் எனக்கு, பேச்சு அவளோடு! என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். கல்யாணச் சமையல், பாயசத்துக்குப் பேர் போனவர் என்று அவள் சொன்னதும் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரன் சிரிப்பு.

மாத்திரையைக் கூட்டினார். கூடவே ஒரு புது ஏற்பாடு. வியாழன் தோறும் சுகர்காரர்களுக்கு மனப்பயிற்சி நடக்கிறதாம். மனசு நொந்து கிடந்தால் மாத்திரை மட்டும் போதாதாம். சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். எனக்கென்ன பைத்தியமா? அறுநூறு இலைக்குப் பாயசம் இறக்குகிறவன், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

போக மாட்டேன்.

ஆகஸ்ட் 7 – வியாழன்

போனேன். போகாவிட்டால் சோறு கிடையாது என்றாள். கிடைப்பதே அளந்த சோறு.

வட்டமாக நாற்காலிகள். நடத்துகிற பெண் பெயர் லிஜி, மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, மனநல ஆலோசகர். என் பக்கத்தில் ஞானையன் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு உலர்திராட்சை வைத்தாள். பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், மெதுவாக மெல்ல வேண்டும். இது பழைய சரக்கு, புளிப்பேறிவிட்டது, நெய்யில் போட்டாலும் உப்பாது என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். லிஜியும் சிரித்தாள், ஆனால் விடவில்லை.

"அது திராட்சையப் பத்தி. வாயில வைக்கும்போ உங்களுக்குள்ள என்ன நடந்து?"

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். பொய். நாக்கில் பட்டதுமே 'போச்சு, கூடிரும்' என்று ஒரு குரல் கேட்டது. முத்துக்கனி குரல். அடுத்து அந்த டாக்டரின் சிரிப்பு. அதற்கும் பின்னால் என் அண்ணன், இதே சுகரால் முட்டுக்குக் கீழே கால் இல்லாமல் கட்டிலில். ஒரு திராட்சைக்கு இத்தனை பேரா?

ஆகஸ்ட் 14 – வியாழன்

இன்றும் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஞானையன் போன் செய்தார், அதனால்தான்.

யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இந்தச் சீக்கு வந்த பிறகு நான் பாயசத்தை ருசித்ததே இல்லை. விழுங்குகிறேன். பந்தி முடிந்ததும் சமையல் புரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தம்ளர், யாரும் பார்ப்பதற்குள். குடித்துவிட்டோமே என்ற வெட்கத்தில் இன்னொரு தம்ளர். மறுநாள் ரத்தம் குத்திப் பார்க்கவே பயம். அவள் கேட்டால் 140 என்று வாயில் வந்ததைச் சொல்வது. சமையல்காரனே பாயசத்தைத் திருடிக் குடித்தால் இந்த ஊரில் வேறு யார்தான் நேர்மையாகக் குடிப்பது?

ஆகஸ்ட் 23 – சனி

எனக்குத் தெரியாமல் வீட்டில் ஒரு மாநாடு நடந்திருக்கிறது. என்னோடு பல வருடமாகச் சமையலில் நிற்கும் அனில்குமாரும் என் மனைவியும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். வருகிற தக்கலைக் கல்யாணத்தில் அனில் ருசி பார்ப்பான். நான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. அது நன்றாக நடந்தால் மெல்ல மெல்ல முழுப் பொறுப்பும் அவனுக்கு. அடுப்படிக்கே நான் போக வேண்டாம்.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். என் நாக்கைக் கழற்றி அவன் வாயில் வைக்க நீ யார் என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க அண்ணனுக்கு கால எடுத்தப்போ ஆஸ்பத்திரியில கூட இருந்தது நான். இன்னொரு மட்டம் எனக்கு முடியாது, கேட்டியளா?"

இந்த ஒரு கல்யாணத்துக்குச் சரி என்றேன்.

ஆகஸ்ட் 29 – வெள்ளி

தக்கலையில் மானம் போயிற்று.

அடப்பிரதமன் பாயசத்தை அனில் கரண்டியில் எடுத்துச் சுடச்சுடக் குடித்துப் பார்த்தான். இனிப்பு போதாது என்று வெல்லம் சேர்த்தான். மறுபடி பார்த்தான், மறுபடி சேர்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டேனே. மடையன்! நம்ம ஊரில் பாயசத்தைத் தனியாகவா குடிக்கிறார்கள்? இலையில் விட்டு, மட்டிப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கி, போளியையும் போட்டல்லவா தின்கிறார்கள். பழத்தின் இனிப்புக்கும் போளியின் இனிப்புக்கும் இடம் விட்டுத்தான் பாயசத்தை இறக்க வேண்டும். சூட்டில் பார்த்தால் அதுவும் தெரியாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஆறவைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் பந்தியிலேயே திகட்டிவிட்டது. பாயசத்தோடு இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் என்னிடம் வந்து, அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டார். திட்டியிருந்தாலும் தேவலை.

புரைக்குப் பின்னால் மூன்று தம்ளர் குடித்தேன். அந்தத் திகட்டலையே. ஏன் குடித்தேன்? எனக்கே என்மேல் ஆத்திரம்.

ஆகஸ்ட் 30 – சனி

குத்திப் பார்க்கவில்லை. 150 என்று சொன்னேன்.

செப்டம்பர் 5 – வெள்ளி, ஓணம்

ஓணத்துக்குப் பாயசப் பொட்டலம் நிறைய ஆர்டர். தக்கலைக்குப் பிறகு அனிலே சொல்லிவிட்டான், அண்ணாச்சி நீங்களே பாருங்க என்று. சரி, லிஜி சொல்லிக்கொடுத்த மாதிரியே பார்ப்போம் என்று முடிவு செய்தேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு. கண்ணை மூடினேன். ஒரு மூச்சு இழுத்து விட்டேன். உள்ளே குரல்கள் வரிசையாக வந்தன. வாருங்கள், வந்து நில்லுங்கள், நான் வேலையில் இருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். நாக்கில் வைத்தேன். முதலில் தேங்காய்ப்பால், அப்புறம் வெல்லம், கடைசியில் சுக்கு. எத்தனை வருடமாயிற்று இப்படி!

கண்ணைத் திறப்பதற்குள் அனில் என் தாடையைப் பிடித்து ஒரு கை வெல்லத்தை வாய்க்குள் திணித்துவிட்டான். பின்னாலிருந்து இன்னொருவன் சீனித் தண்ணீரை ஊற்றுகிறான். நான் ஆடாமல் கண்மூடி நிற்பதைப் பார்த்து, சுகர் இறங்கி மயக்கம் வருகிறது என்று நினைத்தார்களாம். அப்படிக் கண்டால் உடனே இனிப்பைக் கொடு என்று முத்துக்கனி சொல்லிவைத்திருக்கிறாள். நான் திமிறத் திமிற, மயக்கம் முற்றிவிட்டது என்று இன்னும் திணிக்கிறான்கள்.

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 6 – சனி

குத்திப் பார்த்தேன். 312. அப்படியே சொன்னேன். அவள் முகம் கறுத்தது, தம்ளர் கணக்குக் கேட்க ஆரம்பித்தாள். நடந்ததைச் சொன்னேன், நம்பவில்லை. அனிலுக்குப் போன் போட்டு விசாரித்தாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டில் பயந்துபோய்க் கிடந்தது நான் மட்டும் இல்லை.

செப்டம்பர் 11 – வியாழன்

வட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொய்க் கணக்கு, தம்ளர், வெல்லம். ஞானையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, தன் வீட்டிலும் சீனி டப்பாவைப் பூட்டித்தான் வைக்கிறார்கள், சாவி எங்கே இருக்கிறது என்பதும் தனக்குத் தெரியும் என்றார்.

லிஜியிடம் நேரடியாகக் கேட்டேன். மூச்சைக் கவனித்தால் சுகர் இறங்குமா? மாத்திரையும் சாப்பாடும் நடையும் பார்க்கிற வேலையை மூச்சு பார்க்காது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அப்புறம் எதற்கு இது என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதையும் அவள் கவனித்துவிட்டாள்.

"கோவப்படாண்டாம்னு சொல்லல சார். கோவத்துலயும் பயத்துலயும் ஓடிப்போய் குடிக்கது வேற, நீங்களா நின்னு முடிவெடுக்கது வேற. அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து முத்துக்கனியிடம் என் பக்கத்தைச் சொன்னேன். அடுப்பை விட மாட்டேன். மாத்திரை தவறாது, நடை தவறாது, சோறு நீ அளந்ததுதான். ஆனால் அடுப்படியில் ருசி என்னுடையது. ஒரு பாயசத்துக்கு ஒரு சொட்டு, எல்லோர் முன்னாலும். யாரையும் காவலுக்கு வைக்காதே. வைத்தால் மறுபடி ஒளிந்துதான் குடிப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் தட்டினாள். பாப்போம் என்றாள்.

செப்டம்பர் 14 – ஞாயிறு

வடசேரியில் கல்யாணம். தக்கலைக் கதை இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே புரையை எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கண்ணை மூடி நின்றேன். யாரும் வெல்லத்தோடு வரவில்லை. ஒரு சொட்டு. வெல்லம் போதும், நெய் இன்னும் ஒரு கரண்டி என்றேன். அனில் ஊற்றினான். மூன்று பந்திக்கும் இலைகளைப் போய்ப் பார்த்தேன், வழித்துத் தின்றிருந்தார்கள்.

பந்தி முடிந்ததும் அனில், வேலையாட்கள் எல்லோருக்கும் எடுத்ததுபோல என் பங்கையும் ஒரு தம்ளரில் கொண்டுவந்து நீட்டினான். முத்துக்கனி பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள். தம்ளரை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். ஆசை இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். குடித்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு மூச்சு விட்டுப் பார்த்தேன். ஓட வேண்டும்போல இல்லை. நாளைக்கு வேண்டுமென்று தோன்றினால் நாலு பேர் பார்க்கக் குடிப்பேன், அது என் இஷ்டம். இன்று வேண்டாம். தம்ளரை அனிலிடமே கொடுத்தேன்.

செப்டம்பர் 15 – திங்கள்

வெறும் வயிற்றில் 196. டாக்டர் மெச்சுகிற கணக்கு இல்லை. முத்துக்கனி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன்.