நானூறாவது வரி

காவலூர்
22.7.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரே கேசட் காவலூரில் லோடு ஆகிறது, வேலூரில் ஏன் ஆவதில்லை? நீங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உங்கள் மகன் சக்கரவர்த்தி சிங்கப்பூரிலிருந்து நம் இருவருக்கும், கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரைத்தான் அனுப்பினான். டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வால்யூம் முக்கால் வரை இருக்கட்டும். திரையாக வைத்திருக்கும் டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதற்கு மேல் சொன்னால் அது ஊகம்.

இன்னொரு விஷயம். 1961இல் எனக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன பேராசிரியர் இறந்துவிட்டார். என் பெயர் இருந்த பழைய காகிதங்களை அவர் மகள் எனக்கு அனுப்பியிருக்கிறாள். அவற்றில் உங்கள் கையெழுத்தில், இங்கிலீஷில் ஒரு கடிதம். 'என் தங்கையின் உடல்நலம் வெளியூர் வாழ்க்கைக்கு இடம் தராது. அவளே வேண்டாம் என்கிறாள்.' பேராசிரியர்தான் என்னை மறந்துவிட்டார் என்று இருபத்தைந்து வருடமாக நம்பி, இந்த மலையில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டேன். நான் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள்.

தங்கள் தங்கை,
சுந்தரம்மாள்

வேலூர்
28.7.1986

அன்புத் தங்கை சுந்தரத்துக்கு ஆசிகள்.

நீ சொன்னபடி துடைத்தேன். ஒரு தரம் லோடு ஆனது, மறு தரம் ஆகவில்லை. போகட்டும்.

பழைய காகிதங்களைக் கிளறாதே அம்மா, தூசு உனக்கு ஆகாது. ஐம்பதை நெருங்கும்போது மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். உப்பைக் குறை. சாயங்காலம் நட. திரையைப் பத்து நிமிடம் பார்த்தால் ஒரு நிமிடம் உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொள்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தில் ஆகஸ்ட் 17ஆம் தேதி ஞாயிறு புரோகிராம் காட்டுவது என் முறை. வயது, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டு உடல்நலத்துக்கு யோசனை சொல்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக் கொடு. என் பெயரில் காட்டிக்கொள்கிறேன், உனக்கு ஆட்சேபம் இருக்காது. கீபோர்டில் என் மகள் பூங்கோதை உட்காருவாள். அவளுக்குப் பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் வந்திருக்கிறது. அதே மாதம் 25ஆம் தேதி சேர வேண்டுமாம். அந்தக் குளிர் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. மறுத்து எழுதிவிடலாம் என்றிருக்கிறேன்.

உன் அண்ணன்,
கோபால்சாமி

காவலூர்
8.8.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

கேசட்டை அனுப்பியிருக்கிறேன். அது மக்கர் செய்தால் கீபோர்டில் அடித்துக்கொள்ள, புரோகிராமைக் கையால் எழுதியும் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் எல்லா வரிகளையும் படித்துவிடுங்கள். முடியாவிட்டால் நானூறாவது வரியையாவது படியுங்கள். உங்கள் பெயரில் காட்டுவதை நீங்கள் படித்திருப்பது நல்லது. முதலில் பூங்கோதையின் வயதைப் போடச் சொல்லுங்கள், கூட்டம் கவனிக்கும்.

பூங்கோதையின் உடம்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1961இல் எனக்கு என்ன நோய் என்று தெரிவித்தால், அதுவே அவளுக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

சுந்தரம்மாள்

வேலூர்
18.8.1986

அன்புத் தங்கைக்கு,

நேற்று ஜமாய்த்துவிட்டோம்! பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கேசட் வழக்கம்போல் கைவிட்டது. பூங்கோதைதான் உன் காகிதத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் அடித்தாள். நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்பா, இத நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"நான் இன்னாத்துக்குமா படிக்கணும்? உங்க அத்த எழுதினா சரியாத்தான் இருக்கும். நீ அடி!" என்றேன்.

"கோபால்சாமி, அப்ப உன் புரோகிராம்னு சொன்னியே, அது இன்னா ஆச்சு?" என்று செயலாளர் துரைக்கண்ணு கேட்க, ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு அவள் தன் வயதைப் போடாமல், ஆண், 52 என்று என் விவரத்தைப் போட்டாள். உப்பைக் குறைக்கச் சொல்லி வந்தது. நல்ல கைதட்டல்.

பெங்களூருக்கு மறுத்து எழுதி முடித்துவிட்டேன். பூங்கோதை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உன்னைப் போலவே நல்ல பெண். நீயும் அவளுக்கு நாலு வரி ஆறுதலாக எழுது.

கோபால்சாமி

காவலூர்
20.8.1986, புதன்

அண்ணனுக்கு,

நீங்கள் படிக்காத வரி இதுதான். பெண், வயது முப்பதுக்குக் கீழே என்று போட்டால், 1961இல் நீங்கள் எழுதிய அதே இங்கிலீஷ் வாக்கியம், அதே தேதியோடும் உங்கள் பெயரோடும் திரையில் வரும். பன்னிரண்டு பேர் முன்னால் அதை நீங்களே சத்தமாகப் படிக்க வேண்டும் என்று விரும்பினேன். எழுதிய அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். உங்கள் யோசனைகள் எதுவும் எனக்கு அவ்வளவு நல்லது செய்ததில்லை.

பூங்கோதை அந்த வரியைப் படித்தாள். படித்துவிட்டுத்தான் உங்கள் வயதைப் போட்டாள். உங்கள் மானத்தைக் காப்பாற்றியவள் அவள், நான் இல்லை. அவளையா போக வேண்டாம் என்கிறீர்கள்?

நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். நாளை நானே பெங்களூருக்கு எழுதப்போகிறேன். உங்கள் பழைய கடிதத்தின் நகலும் அதனுடன் போகும். அதையும் உங்கள் புது மறுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்களுக்குப் புரியும்.

சுந்தரம்மாள்

21.8.1986, வியாழன்

மேலே உள்ளதை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பத்தரை மணி ஆலங்காயம் பஸ்ஸில் பூங்கோதை வந்து இறங்கினாள், ஒரு சூட்கேஸோடு. நான் பெங்களூருக்கு எழுதத் தேவை இருக்கவில்லை. நீங்கள் எழுதிய மறுப்புக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். உறை ஒட்டியபடியே இருந்தது.

"இது எப்படி உங்கிட்ட?" என்றேன்.

"தபால்ல போட்டுட்டு வாம்மான்னு அப்பாதான் எங்கிட்டயே குடுத்தாரு, அத்த. நான் வர்றேன்னு பெங்களூருக்குத் தந்தி குடுத்துட்டேன்."

1961இல் உங்கள் கடிதத்தையும் என் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னீர்களோ என்னவோ. சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேன். பிரித்துப் பார்த்திருக்க மாட்டேன்.

கேசட்டையும் கொண்டுவந்திருந்தாள். இங்கே முதல் தடவையே லோடு ஆனது. பெண், 22 என்று அடித்தாள். உங்கள் வாக்கியம் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு டிவியை நிறுத்தினாள். "அத்த, சோறு ஆச்சா?" என்றாள்.

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் ஜோலார்பேட்டையில் பெங்களூர் ரயில் ஏற்றிவிட்டேன். அவள் உடல்நலத்தில் ஒரு குறையும் இல்லை.