மூன்றாவது கிண்ணம் கோதுமை

சோஃபியா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிளமெனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், பூனை, என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். ஆக்லாந்தில் நீயும் அப்படியே, வலி மட்டும் இல்லாமல், இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் ஆண்டு நினைவு நேற்று முடிந்தது. வர முடியவில்லையே என்று வருந்தாதே, பூமியின் மறுபக்கத்திலிருந்து ஒரு கிண்ணம் கோதுமைக்காக யாரும் வர முடியாது. ஆனால் நடந்ததை நான் முழுவதும் எழுதாவிட்டால் கீழ்வீட்டு மாரா அத்தை உனக்குத் தன் பாணியில் சொல்லிவிடுவாள், அதில் போலீஸும் வரும்.

போன வாரம் எனக்கு வேலை கிடைத்தது. நெதர்லாந்திலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் கூட்டம் சோஃபியாவின் வரலாற்றையும் பண்பாட்டையும் அறிந்துகொள்ள வந்திருந்தது, அவர்களை நான் நகரம் சுற்றிக் காட்ட வேண்டும் என்று பழைய சக ஆசிரியர் ஒருவர் ஏற்பாடு செய்திருந்தார். இதற்கு ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே இருந்தும் எனக்குப் பிடிபடாத ஊர் இது, ஆனால் என்னிடம் கால அட்டவணை இருந்ததில்லை. திங்கள் ரோமர்கள், செவ்வாய் துருக்கியர், புதன் காலை அரசர்கள், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கம்யூனிஸ்டுகள், வியாழன் சந்தையும் வெந்நீர் ஊற்றும். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரும் தாம் கண்டறிந்ததைப் பற்றிப் பேச வேண்டும். நம் கட்டடத்து முதல் மாடியில் டாக்டர் காலி செய்த வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், மாடிப்படியில் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்கள், அதனாலேயே எல்லோரும் அவர்களைச் சந்தேகித்தார்கள். என்னை வெறும் ரட்கா மேடம் என்று கூப்பிட்டார்கள், நம் குடும்பப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை.

அதே திங்களன்று அப்பாவின் ஆண்டு அஞ்சலித் தாளைக் கட்டடத்துப் பொது வாசல் கதவில், செத்துப்போன மற்றவர்களின் தாள்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். படம் உன் கல்யாணத்தில் எடுத்தது, மற்றவர்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் வைத்தேன். என் மனமெல்லாம் சனிக்கிழமை மேல்தான் இருந்தது. நம் பால்கனிக்கு நேர் கீழே குடியிருக்கும் தோன்ச்சோ மாமாவை உனக்குத் தெரியும். நாம் பால்கனிக்குக் கண்ணாடி போட்டதிலிருந்து மழை பெய்தால் தகரத்திலிருந்து தண்ணீர் அவர் பால்கனி மிளகாய்ச் செடி மேல் சொட்டுகிறது என்று சண்டை, அப்பா சாகும்வரை இருவரும் பேசவில்லை. நாற்பதாம் நாள், செத்தவர் பெயரைச் சொல்லி வீடு வீடாகக் கொடுக்கும் வேகவைத்த இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன், கதவைச் சாத்தினார். ஆறாம் மாதம் திறக்கவே இல்லை. கட்டடத்தில் எல்லோரும் கோதுமையை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள், இவர் ஒருவர்தான் பாக்கி. நான் பக்தி உள்ளவள் அல்ல, வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு நாத்திகம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவள். இருந்தும் உன் அப்பா ஒரு ஆளின் வாயால் மன்னிக்கப்படாமல் அங்கே நிற்கிறார் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. ஆண்டு முடிந்தபின் நான் கிண்ணத்தோடு படி ஏறி இறங்கப் போவதில்லை, முழங்காலும் விடாது. இந்தச் சனிக்கிழமைதான் கடைசி.

புதன்கிழமை காலை மாரா என் கதவைத் தட்டினாள். "அடியே ரட்கா, உன் புருஷனை யாரோ பிச்சுட்டுப் போயிட்டாங்கடி!" என்றாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். மற்றவர்களின் தாள்கள், மூன்று வருஷம் வெயிலில் வெளுத்துப் போனவை கூட, அப்படியே இருந்தன. அப்பாவின் இடத்தில் ஒரு சதுரம் ஈரம். காற்றும் மழையும் தவிர வேறு யாரும் அஞ்சலித் தாளைத் தொட மாட்டார்கள், இந்த ஊர்த் திருடனும் தொட மாட்டான். அந்த நேரம் பார்த்துத் தோன்ச்சோ ரொட்டிப் பையோடு படியில் வந்தார். உன் அம்மா முப்பது வருஷம் ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வராதே என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள். கட்டடமே கேட்கும்படி, "செத்தவனைக்கூட விடமாட்டீங்களா?" என்றேன். அவர் பையைக் கீழே வைத்தார். "உன் புருஷன் உசுரோட இருந்தப்பவே நான் அவன்மேல கை வெச்சதில்ல ரட்கா. காகிதத்து மேலயா வெப்பேன்?" என்று சொல்லிவிட்டு மேலே போனார். மாரா உட்பட எல்லோரும் நான் சொன்னதையே நம்பினார்கள். அன்று மதியம் கம்யூனிஸ்டுகளைப் பற்றி நான் நன்றாகப் பேசியதாகச் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் வீட்டுக் கூடத்தில் பேச்சுகள் நடந்தன. ஒருவன் மஞ்சள் கல் பாவிய தெருவைப் பற்றி, ஒருத்தி தயிரைப் பற்றி. பிறகு ஃபெம்கே என்ற பெண், கூட்டத்திலேயே அதிகம் குறிப்பெடுத்தவள், ஒரு கண்ணாடி உறையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே உன் அப்பா. ஒரு முனைகூடக் கிழியாமல் வெந்நீரில் நனைத்த துணியால் எடுத்திருந்தாள். தெருக்கலை, மரணத்தின் பொதுவெளி என்றெல்லாம் பேசினாள். கண்களில் ஒரு யுகம் முடிந்துபோன துயரமும் அதிகாரத்தின் மீது அவநம்பிக்கையும் தெரிகின்றன என்றாள். அந்தப் படத்தில் உன் அப்பா அடுப்பில் கருகிக்கொண்டிருந்த இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் யாராக இருந்தாலும் நமக்கு இனி தெரியப் போவதில்லை என்று முடித்தாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம். பிறகு, "அவர் பேர் ஸ்பாஸ். டிராம் பணிமனையில இருந்தார். என் வீட்டுக்காரர்" என்றேன்.

பாவம், அவள் அழுத அழுகை. "பொதுக்கதவுல இருக்கறது பொதுச்சொத்துன்னு நெனச்சேன் மேடம், இதுதான் புதுசா நல்லா இருந்தது" என்றாள். திட்டவும் மனம் வரவில்லை, அதே வாரம் நான் செய்த ஆராய்ச்சி அவளுடையதைவிட மோசம். அவளை அழைத்துக்கொண்டு நேராகத் தோன்ச்சோ வீட்டுக்குப் போனேன். அவள் ஆங்கிலத்தில் சொல்ல நான் மொழிபெயர்த்தேன், இடையில் என் மன்னிப்பையும் சேர்த்தேன். திரும்ப ஒட்டலாமா என்று கேட்டாள். அவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். இந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம் என்பது தெரியாமல் அந்தப் பெண் வெளுத்துப் போனாள், ஐந்து நாளில் நான் கற்பிக்க மறந்த பாடம். கோந்து அவரே கொண்டு வந்தார். வாசலில் நின்று அவளை விரட்டினார்: "மேல தூக்கு... இன்னும்... கோணல். உசுரோட இருந்தப்பவும் கோணல்தான், தாள்லயாவது நேரா நிக்கட்டும்." கடைசியில் தம் கைக்குட்டையால் அவரே அழுத்தி விட்டார். என் பக்கம் திரும்பாமலே படியேறிப் போனார்.

நேற்றுக் கல்லறையிலிருந்து திரும்பி அவர் கதவைத் தட்டினேன். திறந்தார். கிண்ணத்தை நீட்டி, "ஸ்பாஸுக்காக" என்றேன். கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கி, நின்றபடியே ஒரு கரண்டி தின்றார். "சர்க்கரை தூக்கல்" என்றார். நான் நகரவில்லை. "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார், உடனே விரலை உயர்த்தி, "கடவுள் மட்டும். என் மிளகாய்ச் செடி விஷயம் வேற" என்றார். எனக்கு அது போதும், சடங்கு வாசகத்துக்கு வேண்டியதும் கடவுளின் மன்னிப்பு மட்டும்தான். படியேறும்போது முழங்கால் வலித்ததாக நினைவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன், அதுவும் அதிக நேரம் இல்லை, பூனைக்குப் பசி.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், குளிர்காலம் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ. கடவுளும், அவர் இல்லாவிட்டால் வேறு யாராவதும், உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே கோதுமை வாங்கி வேகவை, வால்நட் பொடித்துப் போடு, அப்பா பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடு. தாமதமானாலும் பரவாயில்லை, அப்பா காத்திருப்பார், டிராம்காரர். சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் நல்லது. "இங்கே சண்டை போடும் அளவுக்கு யாரையும் எனக்குத் தெரியாது" என்று முன்பு எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே கவலை அதுதான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ரட்கா