என் பெயரில் வந்த சர்க்கரை

செவ்வாய், இரவு பத்து மணி

கான்ட்ராக்ட் புதுப்பிக்க ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தார்கள். என் தொப்பைக்குப் பயந்து, கூட வேலை செய்யும் செல்வத்தை என் அடையாள அட்டையோடு எனக்குப் பதிலாக அனுப்பினேன். ஒல்லியான ஆள், ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

இன்று ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்பு மூன்றுமே எக்கச்சக்கம். உடனே மருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து செல்வம் வீட்டுக்கு வந்தான். என் மனைவி அடுப்படியில் இருந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

“ஒனக்கு எவன் ரத்தம் குடுத்தாலும் சக்கரதான்டா காட்டும்!”

அவனுக்கு உறைக்கவே இல்லை.

ரிப்போர்ட்டை மனைவியும் பார்த்திருந்தாள்; ஆள் மாற்றியது அவளுக்குத் தெரியாது. எனக்குச் சர்க்கரை போடாத டீ. அவனுக்கு வழக்கம்போல மூன்று ஸ்பூன், கூடவே ஒரு தட்டு பலாச்சுளை.

“நீங்க நல்லா சாப்புடுங்கண்ணா. இவரு பாத்துகினு இருக்கட்டும்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு சுளையாக உள்ளே போனது. அது உன் ரத்தம்டா என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மனைவி அங்கேயே நின்றாள். செல்வம் காலித் தட்டோடு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இன்னும் ரெண்டு சுளை வை” என்றேன்.