மாலை விழுந்த கழுத்து

12 செப்டம்பர் 1957, வியாழன்

பாப்பாவுக்குச் சளி விடவில்லை. தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். எழுதியதையும் அப்படித்தான் பார்க்கிறேன், மூச்சு இருக்கிறதா என்று. பாப்பாவிடம் இருக்கிறது. என் நாவலின் எட்டாம் அத்தியாயத்தில் இல்லை.

இவர் வாசகசாலையிலிருந்து நாவல் கொண்டுவந்தார். வழக்கம்போல இரண்டாம் பாகம். "முதல் பாகத்த யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களாம், இதப் படிச்சிக்கிட்டிரு" என்றார். கதையின் நடுவில் இறங்கி, இவள் யார், எதற்கு அழுகிறாள், அவனுக்கு ஏன் முகம் கொடுக்கவில்லை என்று நானே முதல் பாகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். மெட்ராஸில் பி.ஏ. படித்தபோது யாரும் சொல்லித்தராத பாடம் இது. மற்றவர்கள் பதினாறு வயதில் எழுத ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கப்பலேறி மலாயா வந்து, பிள்ளை பெற்று, இருபத்தேழு ஆக வேண்டியிருந்தது.

புத்தக ஓரங்களில் சேதுராமன் வாத்தியாரின் பென்சில். வாசகர் சங்கச் செயலாளர் அவர். எல்லாருக்கும் முன்னால் படித்துத் தீர்ப்பு எழுதி வைப்பார். 'நன்று.' 'தேவையற்றது.' 'பெண்களுக்கு ஆகாது.' ஆகாத பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. நாடு விடுதலையானதையொட்டி நடந்த மெர்டேக்கா சிறுகதைப் போட்டியில் என் கதைக்கு முதல் பரிசு. ஊதா சேலையா, பச்சையா? பாப்பா எதில் எச்சில் வைத்தாலும் தெரியாமலிருக்க வேண்டும். பச்சை.

15 செப்டம்பர், ஞாயிறு

மாலையை இவர் கழுத்தில் போட்டார்கள்.

16 செப்டம்பர், திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வாத்தியார் மேடையில் கதை வந்த இதழைத் தூக்கிக் காட்டினார். "விஜயா கருணாகரன் என்று போட்டிருக்கிறது. நமக்குத் தெரியாதா? மனைவி பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுவது நம் எழுத்தாளர்களின் பழக்கம்தானே. கருணாகரன் அவர்களே, ஒளிந்தது போதும், மேடைக்கு வாருங்கள்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எழுந்தார். போனார். குனிந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. வாத்தியார் குள்ளம். மாலை விழுவதற்கு வாகாக இவர் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். நான் பின்வரிசையில் பெண்களோடு, மடியில் பாப்பா. பக்கத்திலிருந்த பாக்கியலட்சுமி அம்மா என் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவம்மா நீ" என்றார்.

வீட்டுக்கு வந்து இவர் சொன்னது: "சபையில எப்படிம்மா மறுத்துப் பேசுறது? வாத்தியார் பெரிய மனுஷன். அவர் மொகம் என்னத்துக்கு ஆகும்?"

அவர் மொகம். என் மொகம்? கேட்டேனா? கேக்கல. பால் காய்ச்சினேன்.

மாலையைத் தூக்கி எறியவில்லை. கூடத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அழுகட்டும். சாப்பிடும்போதெல்லாம் பார்க்கட்டும்.

19 செப்டம்பர், வியாழன்

எதிர்வீட்டு ரஹீமா அக்கா வந்தார். மளிகைக்கடை ஷரீஃபுதீன் அண்ணனின் மனைவி. அவருக்கு அரபு எழுத்தில் தமிழ் படிக்க வரும், இந்த எழுத்து வராது. அதனால் நான் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். அலுப்பாக இருந்தால் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அந்த இடத்தை வெட்டிவிடுவேன்.

ஆணியைப் பார்த்தார். "மாலை தொங்குது, மாப்பிள்ளையக் காணோம்?"

"ஆபீஸ் போயிருக்கார்க்கா."

"அவரையும் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தா ஆபீஸ் போயிருப்பாராம்மா?"

நான்கு நாளில் முதன்முதலாகச் சிரித்தேன்.

24 செப்டம்பர், செவ்வாய்

கோலாலம்பூர் வார இதழிலிருந்து கடிதம். பரிசுக் கதையைப் பார்த்தார்களாம், தொடர்கதை வேண்டுமாம். 'மதிப்பிற்குரிய திரு. கருணாகரன் அவர்களுக்கு.'

பாப்பா வயிற்றில் இருந்தபோது தொடங்கிய நாவல். கப்பலிலிருந்து இறங்கும் ஒருத்தியின் கதை. அதைக் கேட்கிறார்கள், இவரிடம்.

"என் பேர்லயே போகட்டுமே விஜயா. நாவல் வெளிய வந்தா சரி. உன் பேரு என் பேரு எல்லாம் ஒண்ணுதான?"

ஒண்ணுதான்னா என் பேர்லயே போகட்டுமே. சொன்னேன். பாத்திரம் கழுவும்போது, பாத்திரத்திடம்.

இன்னொன்றும் சொன்னார். அக்டோபர் ஆறாம் தேதி வாசகர் சங்கத்தில் இவர் பேச வேண்டுமாம். தலைப்பு, 'நான் எப்படி எழுதுகிறேன்'. தலையைச் சொறிந்துகொண்டே, "நீயே ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துரு" என்றார்.

எழுதித் தருகிறேன். நன்றாகவே எழுதித் தருகிறேன்.

28 செப்டம்பர், சனி

கோபத்தில் எழுதினால் எழுத்து கெட்டுவிடும் என்று எங்கள் பேராசிரியை சொல்வார். தப்பு. கோபத்தில் அலங்காரம் தானாக உதிர்ந்துவிடுகிறது. வர்ணனை எழுத நேரமில்லை, ஆளைப் பார்த்து நேராகப் போக வேண்டியிருக்கிறது. இந்த உரையைப் போல எதையும் இவ்வளவு சுகமாக எழுதியதில்லை. பாப்பா தூங்கிய மத்தியானம் முழுக்க எழுதினேன்.

முதல் பக்கம் அவையோருக்கு வணக்கம், தமிழுக்கு வணக்கம். எந்த ஆபீஸ் கிராணியும் படிக்கலாம். இரண்டாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'இடப்பக்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வலக்கையால் எழுதுவேன். அதற்குப் பல் முளைத்த பிறகு என் வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன.'

இவர் முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். ஆபீஸில் துரை நீட்டும் தாளை அப்படியே உரக்க வாசித்துப் பழகியவர். புறப்படும் நேரத்தில் கையில் கொடுத்தால் போதும். வாத்தியார் முகத்தையும் இவர் முகத்தையும் ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பது என்பதுதான் கவலை.

5 அக்டோபர், சனி

பாப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. வஞ்சம் வச்சிக்கிட்டுப் பால் கொடுத்தேனே — அதுவா? அது பாலில் இறங்குமா? படிச்சவ கேக்கிற கேள்வியா இது? கேக்கிறேன். கடவுளே, வேணாம், அந்தத் தாளைக் கிழிச்சுடறேன்.

சாயங்காலம்: ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பார்த்தார். மேல்வரிசையில் பல் முளைக்கிறதாம். காய்ச்சல் இறங்கிவிட்டது. தாளைக் கிழிக்கவில்லை.

7 அக்டோபர், திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் பக்கத்தைக் கணீரென்று வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். 'இடப்பக்கம் பிள்ளைக்குப் பால்' — நின்றார். காது சிவந்தது. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. படிங்க என்று மனசுக்குள் சொன்னேன். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே படித்தார் போலிருக்கிறது. பால், பல், அடுப்பில் பொங்கி வழிந்த சோறு, இரண்டாம் பாகங்களாகவே படித்து எழுதக் கற்றது, கடைசி வரி வரை எல்லாவற்றையும் படித்தார்.

இப்போது புரியும், இப்போது யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

வாத்தியார் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "பார்த்தீர்களா? ஒரு பெண்ணுக்குள்ளேயே குடிபுகுந்து பேசுகிறார். ஒரு பெண்ணே எழுதினாலும் இவ்வளவு உண்மையாக வராது" என்றார்.

கை தட்டினார்கள். எல்லாரும். பெண்களும். அந்தச் சத்தத்தில் பாப்பா விழித்து அலறியது.

"அம்மா, அந்தக் குழந்தையக் கொஞ்சம் வெளிய கொண்டுபோங்க," என்றார் வாத்தியார்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, "அந்தப் பால் சமாச்சாரத்த எழுதாம இருந்திருக்கலாம்" என்றார்.

"நீங்க மாலைக்குக் குனியாம இருந்திருக்கலாம்."

வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது, "ரெண்டு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு விஜயா" என்றார்.

"வெளிய வரலயே."

9 அக்டோபர், புதன்

ஆணியில் மாலை இல்லை. இவர்தான் எடுத்திருக்க வேண்டும். ஒரு மாலையை எடுத்துப்போட்டால் ஆயிற்றா?

14 அக்டோபர், திங்கள்

நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களைச் சிங்கப்பூர் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். பெயர், பா. விஜயா. அப்பாவின் முதலெழுத்து போதும். விலாசம், ரஹீமா அக்காவின் கடை.

"எங்க வூட்டு ஆளு பிரிச்சுப் பார்ப்பாருன்னு பயப்படாத," என்றார் அக்கா. "அரிசி வெலையத் தவிர அவரு ஒண்ணும் படிக்க மாட்டாரு."

மூன்றாம் அத்தியாயத்தில் புது ஆள் ஒருவரை நுழைத்திருக்கிறேன். குள்ளமான பள்ளிக்கூட வாத்தியார். எதைப் பார்த்தாலும் தீர்ப்பு எழுதுகிறவர். மனைவி வைத்த ரசத்துக்கும் 'தேவையற்றது' போடுகிறவர்.

கதாநாயகியின் கணவனையும் கொஞ்சம் திருத்தினேன். முன்பு நல்லவனாக இருந்தான்.

3 நவம்பர், ஞாயிறு

கோலாலம்பூர்க்காரர்கள் நினைவூட்டுக் கடிதம் போட்டுவிட்டார்கள். "என்ன பதில் போடட்டும்?" என்று இவர் கேட்டார்.

"உங்களத்தான கேட்டிருக்காங்க. நீங்களே எழுதிக் குடுங்க."

உண்மையாகவே உட்கார்ந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை மேசையில். போனபின் எட்டிப் பார்த்தேன். 'அதிகாலையில் கதிரவன் உதயமானான்.' அவ்வளவுதான். அதிலும் ஓர் அடித்தல்.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை. இருக்குமோ என்று நெஞ்சில் தேடினேன். இல்லை.

2 பிப்ரவரி 1958, ஞாயிறு

சிங்கப்பூர் பத்திரிகையில் மூன்றாம் அத்தியாயம் வந்துவிட்டது. பா. விஜயா, தடித்த எழுத்தில். முடிவெட்டும் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, ரசத்துக்குத் தீர்ப்பு எழுதிய இடத்தில், பாதி முடியோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று சிரித்தாராம். சேதுராமன் வாத்தியாரும் இவரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். இதெல்லாம் ஷரீஃபுதீன் அண்ணன் நேரில் பார்த்து வந்து சொன்னது.

வாத்தியார் இவரைத் தனியாக அழைத்து, "யாருய்யா இந்த பா. விஜயா? எவனோ ஆம்பளதான இப்படி எழுதுறான்?" என்று கேட்டாராம்.

"என் சம்சாரம் சார். மெர்டேக்காக் கதையும் அவதான் எழுதுனா. அன்னைக்கு நான் பேசின பேச்சும் அவளோடதுதான்," என்றாராம் இவர். கடையில் அத்தனை பேர் காதிலும் விழும்படி.

வாத்தியார் சவரம் செய்துகொள்ளாமலே எழுந்து போய்விட்டாராம். அந்த நடையை நான் பார்க்கவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

இவர் வீட்டுக்கு வந்து கடையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகையை விரித்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தார். மடித்து வைத்தார்.

"கதையில வர்ற புருஷன் நான்தான?"

"ஆமா."

"செத்துப்போயிடுவானா?"

"பார்க்கணும்."

என் மடியிலிருந்த பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நாங்க தெங்கேராத் தெரு வரைக்கும் போய்ட்டு வர்றோம், நீ எழுது" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பிள்ளைக்குத் தொப்பி போட மறந்துவிட்டார். காற்று படுமே என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. பிழைப்பானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.