மூத்த மருமகளைச் சுவரில் திரும்ப மாட்டக் கோரும் மனு

அனுப்புநர்
மூன்றாம் படுக்கை (ஓய்வுபெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர்),
திங்கள்–புதன்–வெள்ளிப் பிரிவு,
டயாலிசிஸ் கூடம், முதல் மாடி.

பெறுநர்
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
தரைத்தளம், ஏ.சி. அறை.

பொருள்: டயாலிசிஸ் கூடத்தின் எதிர்ச்சுவரிலிருந்து கழற்றிய டி.வி.யை நாளை மதியம் ஒன்றரை மணிக்கு முன் திரும்ப மாட்டக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "நோயாளிகளின் அமைதி கருதி" எனத் தொடங்கும் தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் நலனில் தாங்கள் காட்டிய அக்கறை தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டதால் இதை எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசிகள் இருப்பதால் அட்டையை மடியில் சாய்த்து வலது கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயம் நேரானதுதான்.

1. தாங்கள் இன்னும் முதல் மாடிக்கு வந்ததில்லை என்பதால் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்ட ஆட்கள் நாங்கள். வாரத்தில் மூன்று நாள் மதியம் வந்து படுத்தால், ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வர நான்கு மணி நேரமாகும். அதுவரை புரண்டு படுக்கவும் முடியாது. பார்ப்பதற்கு அங்கே மூன்று காட்சிகள் இருந்தன: கூரையில் ஒரு நீர்க்கறை, குழாயில் ஓடும் சொந்த ரத்தம், எதிர்ச்சுவரில் டி.வி. இவற்றில் எதைக் கழற்றலாம் என்று யோசித்துத் தாங்கள் டி.வி.யைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கறை அப்படியே பத்திரமாக இருக்கிறது.

2. ஒன்றரை மணிக்கு 'ரெட்டை வாசல் வீடு' என்று ஒரு தொடர் வரும். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார், மூத்த மருமகள், இளைய மருமகள், பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. இந்த நான்கை வைத்துக்கொண்டு அதன் இயக்குநர் வருடக்கணக்கில் வண்டி ஓட்டுகிறார். திங்கள் முதல் சனி வரை வரும் தொடரில் எங்கள் பிரிவுக்குக் கிடைப்பது திங்கள், புதன், வெள்ளி மட்டுமே. மற்ற நாட்களில் இதே படுக்கைகளில் செவ்வாய்–வியாழன்–சனிப் பிரிவினர் படுத்துப் பார்ப்பார்கள். எங்களுக்குத் தவறிய கதையை டெக்னீஷியன் அக்கா ஊசி குத்தும்போது சொல்லத் தொடங்குவார். "அவ பால்ல கலந்தது என்னன்னா, கையத் தளர்த்துங்க" என்பார். அடுத்து என்ன என்று நாம் வாயைப் பிளப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும், அக்கா அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார்.

3. மற்ற நாட்களில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். அது எங்கள் கூடத்தில் மகா குற்றம். முழுக்கதையும் தெரிந்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? மேலும், வீட்டில் எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. "மாத்திரை போட்டாச்சா?", "எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?" இவ்வளவுதான் பேச்சு. "அந்த மூத்தவ செஞ்சது சரியா தப்பா, நீங்க சொல்லுங்க" என்று எங்களைப் பார்த்துக் கேட்கும் ஒரே இடம் இந்தக் கூடம். நோயாளிகளை நோயாளி என்று நினைக்காத இடம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தது, ஐயா. தங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்.

4. சுற்றறிக்கையில் "வீண் கூச்சல்" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது கூச்சல் அல்ல, நிபுணர்களின் விவாதம். நான்காம் படுக்கையிலுள்ள துணிக்கடைக்காரிக்கு நடிகைகளின் கைதான் முக்கியம். "கண்ணு அழுவுது, கை பாத்தியா, மடிப்பு கலையுமோன்னு பயப்படுது, இவ எங்க நடிச்சா?" என்று இரண்டே வரியில் ஒரு நடிகையை முடித்துவிடுவார். ஆறாம் படுக்கையிலுள்ள கணக்கு வாத்தியார் இளைய மருமகளின் கர்ப்பத்தைக் கூட்டிப் பார்த்துப் பதினெட்டாவது மாதம் நடக்கிறது என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் அந்தப் பெண் மாடிப்படியில் உருண்டு விழுந்து நலமாக எழுந்தாள். நான் குரல் பிரிவு. மூத்த மருமகளாக நடிக்கும் பெண்ணை நடுவில் மாற்றினார்களே, புதியவள் எல்லா வசனத்தையும் வண்டி எண் சொல்வதுபோல் ஒப்பிக்கிறாள் என்று முதலில் சொன்னவள் நான்தான். சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

5. இதில் எங்கள் மூவருக்கும் ஒரே கட்சி: மூத்த மருமகள் பொல்லாதவள். பாலில் பொடி கலந்ததைக் கண்ணால் பார்த்தோம். சாவியை ஒளித்ததைப் பார்த்தோம். பத்திரத்தைக் கிழித்தபோது பின்னணியில் மூன்று தடவை இடி இடித்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? இப்படி ஒற்றுமையாக இருந்த கூடத்தில்தான், செவ்வாய்–வியாழன்–சனிப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டு ஐந்தாம் படுக்கைக்கு வந்து சேர்ந்தார் ஒரு பழைய லாரி ஓட்டுநர். வந்த அன்றே, "அந்தப் பொண்ணு தங்கம்யா! அவள மாதிரி ஒரு மருமக கிடைக்கணும்" என்றார். துணிக்கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

6. பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இயக்குநர் முடிச்சுப் போடுவது எங்கள் நாளில், அவிழ்ப்பது அவர்கள் நாளில். அந்தப் பொடி வைத்தியர் கொடுத்த மருந்து. முதலில் தானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாமியாருக்குக் கொடுத்தாளாம். அந்தப் பத்திரம் போலியாம். நாங்கள் குற்றத்தை மட்டும் பார்த்திருக்கிறோம், அவர்கள் தீர்ப்பை மட்டும் பார்த்திருக்கிறார்கள். சரி, உண்மை தெரிந்துவிட்டதே, ஒப்புக்கொண்டோமா? அதெப்படி? அத்தனை நாள் திட்டியவளை ஒரே மதியத்தில் நல்லவளாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. சண்டை அன்றிலிருந்து சூடு பிடித்தது. அவர் ஒற்றை ஆளாக மூவரையும் சமாளித்தார்.

7. போன புதன்கிழமை விவாதம் சற்று உயரத்துக்குப் போனது உண்மை. லாரிக்காரர் கையை ஓங்கிப் பேசியதில் குழாய் மடங்கி இயந்திரம் அலறியது; அது அலறியதும் வாத்தியாருடையதும் துணைக்கு அலறியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: தொடரால் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் கூடுகிறதாம். ஐயா, டயாலிசிஸ் நடக்கும்போது எங்களுக்குப் பெரும்பாலும் அழுத்தம் இறங்குவதுதான் பயம். இறங்கினால் கண் இருட்டும், கால் இழுக்கும், படுக்கையைச் சாய்க்க நர்ஸ் ஓடி வருவார். செலவில்லாமல் அதை ஏற்றிவிட ஒரு மூத்த மருமகள் இருந்தாள். இதை எங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் தங்களுக்கு ஒரு மாடி மேலேதான் இருக்கிறார்.

8. வெள்ளிக்கிழமை, மூத்த மருமகள் அந்தப் பூட்டிய அறையின் தாழ்ப்பாளில் கை வைத்த அதே நேரத்தில் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார். நாங்கள் கத்தினோம். "எனக்கு ஆர்டர் வந்திருக்கு, நான் என்ன செய்ய?" என்று அவள் கையையும் தாழ்ப்பாளையும் சேர்த்துக் கழற்றி எடுத்துப் போனார். எங்களால் எழுந்து தடுக்க முடியாது; எல்லோரையும் குழாயில் கட்டிப் போட்டிருந்த நேரம். நேரம் பார்த்துச் செய்த தங்கள் நிர்வாகத் திறமையை மெச்சுகிறேன்.

9. இதுவரை எழுதியது வேடிக்கை. இனி எழுதுவது வேடிக்கை இல்லை. லாரிக்காரர் போன வருடம் மனைவியை இழந்தவர். அதன் பிறகு, "இந்த மெஷின் பொழப்பு போதும்" என்று நிறுத்திவிடப் பார்த்தார். அழுத மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்: "அந்த ரூமுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கறேன், அப்புறம் என்னை விட்டுடு." விஷயம் இதுதான், ஐயா. ஒரு மனிதர் அந்தக் கதவு திறப்பதற்காகத்தான் வாரம் மூன்று முறை இங்கே வந்து கை நீட்டினார். இது எங்களுக்குத் தெரிந்த பிறகு, கதையை இழுக்கும் இயக்குநரை நாங்கள் ஒரு சொல் திட்டவில்லை. இன்னும் பத்து வருடம் இழு ராசா என்றுதான் வேண்டிக்கொண்டோம்.

10. அவர் திங்களன்று வரவில்லை. இன்று புதன், இன்றும் வரவில்லை. நேற்று துணிக்கடைக்காரியும் வாத்தியாரும் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். கால் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கியிருக்கிறதாம். மூச்சு முட்டுவதால் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே இருக்கிறாராம். டாக்டர் போனில் அழைத்தும் வர மறுத்துவிட்டார். "அதையும் கழட்டிட்டாங்க, இனி அங்க எதுக்கு?" என்று கேட்கிறார். போனில் போட்டுக் காட்டுகிறேன் என்ற மகளிடம், "சண்டை போட ஆளில்லாம தனியா என்னத்தப் பாக்கறது?" என்றாராம். துணிக்கடைக்காரி கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்திருக்கிறார்: "அண்ணே, அவ நல்லவன்னே வச்சுக்குவோம், வந்துடுங்க." அவர் சிரித்துவிட்டு, "டி.வி. இருந்தா வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். இத்தனை முறை தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன் ஐந்தாம் படுக்கையில் இருந்தவரும் இப்படித்தான் வராமல் இருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

11. டி.வி. இருந்த இடத்தில் தாங்கள் ஒலிபெருக்கி வைத்து மெல்லிசை போட்டிருப்பதற்கு நன்றி. நாள் முழுவதும் ஒரே புல்லாங்குழல் அழுகிறது. துக்க வீட்டில் படுத்திருப்பதுபோல் அமைதியாக இருக்கிறது. சுற்றறிக்கையின் நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்டது.

ஆகவே வேண்டுவது: நாளை வியாழக்கிழமைப் பிரிவில் ஒரு படுக்கை காலி. லாரிக்காரரை அதில் சேர்க்க டாக்டர் சம்மதித்துவிட்டார். மகள் வண்டியோடு தயாராக இருக்கிறாள். அவரோடு சண்டை போட நாங்கள் மூவரும் எங்கள் நாள் இல்லாவிட்டாலும் வந்துவிடுவோம். எலக்ட்ரீஷியனும் அதே ஏணியும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒன்றரை மணிக்கு முன் அந்த டி.வி. சுவரில் இருக்க வேண்டும். கதை தாண்டிப் போயிருக்குமே என்ற கவலை வேண்டாம். அந்தத் தொடரில் தாழ்ப்பாளில் வைத்த கை தாழ்ப்பாளைத் திறக்க ஒரு வாரமாவது ஆகும். அவள் இன்னும் வெளியேதான் நிற்கிறாள் என்று டெக்னீஷியன் அக்கா உறுதியளிக்கிறார். டி.வி.யை மாட்ட விதியில் இடமில்லை என்றால், தாங்களே ஒன்றரை மணிக்கு மேலே வந்து மூத்த மருமகளாக நடித்துக் காட்டலாம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. கையை மட்டும் துணிக்கடைக்காரி கவனிப்பார்.

கடைசியாக ஒன்று. பணிக்காலம் முழுவதும் "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிப் பிழைத்தவள் நான். ஒருநாளும் வருந்தியதில்லை, அது வாய் பாட்டுக்குச் சொல்லும். நாளை தாமதமானால் அந்த வாக்கியத்தை அவருடைய மகளிடம் தாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது அவ்வளவு சுலபமாக வாயில் வராது, ஐயா.

இப்படிக்கு,
தங்கள் அக்கறைக்கு ஆளானவர்கள்

இடம்: முதல் மாடி, புல்லாங்குழலுக்குக் கீழே.
நாள்: புதன்கிழமை, தொடர் ஓடியிருக்க வேண்டிய நேரம்.

கையெழுத்து:
மூன்றாம் படுக்கை (ஒப்பம்)
நான்காம் படுக்கை (ஒப்பம், "மூத்தவள் நல்லவள் என்பதை இம்மனுவின் பொருட்டு மட்டும் ஏற்கிறேன்")
ஆறாம் படுக்கை (ஒப்பம்)
ஐந்தாம் படுக்கை: இடம் விடப்பட்டுள்ளது. நாளை வந்து போடுவார்.