பதினான்கு படி ஏறாத கட்டில்

பெல்ஜியம், 1953 ஏப்ரல் 19, ஞாயிறு காலை ஒன்பது மணி. என் புது வாடகை அறைக்குப் படிகள் பதினான்கு.

அன்புள்ள அன்னுன்சியா,

நான் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

வியாழக்கிழமை அதிகாரி அறையைப் பார்க்க வருகிறார். இருவர் படுக்கக் கட்டில் இருந்தால்தான் உன்னை ஊரிலிருந்து இங்கே அழைத்துக்கொள்ளக் கையெழுத்துப் போடுவார். கடைக் கட்டில்கள் குறுகலானவை. அதனால் சுரங்கப் பட்டறையில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, உன் கல்யாணச் சீரில் உள்ள படுக்கை விரிப்புகளின் அகலத்துக்கு நானே ஒன்று செய்தேன். அது படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. கீழே தாங்கிப் பிடித்திருந்த என் சுரங்கக் கூட்டாளி வீத்தோ, "டேய் தொனாத்தோ, இது இங்கயே கெடக்கட்டும். ஒம் பொண்டாட்டி வந்ததும் ரெண்டு பேரும் படியிலயே குடித்தனம் பண்ணுங்க!" என்றான். வீட்டுக்காரிகூடச் சிரித்துவிட்டாள்.

விரிப்புகளைக் கத்தரித்துச் சின்னதாக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். கூடாது. கல்யாணத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் பார்ப்பதற்காக அவற்றை உன் வீட்டில் விரித்து வைத்திருந்தார்களே, அன்று ஜன்னல் வழியே நானும் பார்த்தேன். ஓரத்தில் நீ தைத்த மாதுளைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. காரணம் கேட்காதே.

வீத்தோ இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு திரும்பி வந்துவிட்டான். முத்தங்கள். உன் தொனாத்தோ.

இனி செய்யப்போவது:
1. கட்டிலை நடுவில் அறுப்பேன்.
2. மேலே கொண்டுபோய் போல்ட் போட்டு இணைப்பேன்.
3. வியாழனன்று கையெழுத்து வாங்குவேன்.
4. நீ வரும்வரை என் பாதியில் மட்டும் படுப்பேன்.